சாமியார் வராத ஞாயிறு

திருச்சபை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். வந்து போன குருக்களின் பெயர்கள் ஒன்று. எழும்பிய கோயில்களின் ஆண்டுகள் மற்றொன்று. மலேசியாவின் கெடா மாநிலக் கிறிஸ்தவ வரலாற்றை அந்த முறையில் எழுதினால் கதை 1780களில் தொடங்கும். சயாமிலிருந்து வெளியேற நேர்ந்த பாரிஸ் மறைப்பணிக் கழகத்துக் குருவான கார்னோ, கெடாத் துறைமுகத்தில் போர்த்துக்கீசிய வழிவந்த சிலரைக் கண்டு ஒரு சிறு சபையைத் திரட்டினார். 1786இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியதும் குருவும் சபையாரும் கடல் தாண்டி அங்கே குடிபெயர்ந்தார்கள். குரு போனார், கோயிலும் போயிற்று, கெடாவில் கதை அறுந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள ரப்பர்க் காடுகளில் கிறிஸ்தவம் மறுபடி முளைத்தபோது அதைக் கொண்டுவந்தவர்கள் குருக்கள் அல்லர். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் தங்கள் துணிமூட்டையோடு அதைக் கொண்டுவந்தார்கள். குரு ஆண்டில் சில முறை எட்டிப்பார்க்கும் விருந்தாளியாக இருந்த இடத்தில் உபதேசியாரும் குடும்பமும், லயம் என்ற தோட்ட வரிசைக் குடியிருப்பின் சிற்றாலயமுமே சபையாக இருந்தன. பற்றாக்குறைக்கு வைத்த ஒட்டு என்றே இந்த ஏற்பாட்டைப் பலர் கருதுகிறார்கள். தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாகப் பழகிய, வேதத்திலும் திருச்சபைச் சட்டத்திலும் வேரூன்றிய ஒரு சபை வாழ்வு அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1909இல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் பிடிக்கு மாறியது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து வடக்கே நீண்ட ரயில் பாதை 1910களில் கோல மூடா மாவட்டத்தைத் துறைமுகத்தோடு இணைத்தது. சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று தோட்டங்கள் விரிந்தன. பால் வெட்ட ஆள் வேண்டும். ஆள் திரட்டக் கங்காணி ஊருக்குப் போனார். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம், ஆற்காடு என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினரே. ஆனால் கங்காணி தன் ஊரையும் தன் உறவையும் சார்ந்தே ஆள் திரட்டியதால், ஒரே பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரே லயத்தில் வந்து சேர்வது இயல்பாக நடந்தது. அவர்கள் கப்பலேறிய நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து வேளாங்கண்ணி பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். அங்குள்ள ஆரோக்கிய மாதாவின் படம் கடல் தாண்டியதற்கு எந்த மறைப்பணிக் கழகமும் திட்டம் தீட்ட வேண்டியிருக்கவில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெறும் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இந்தப் போக்குவரத்து ஏற்ற இறக்கங்களோடு தொடர்ந்தது.

இவர்களைக் கவனிக்க வேண்டிய திருச்சபையின் நிலை என்ன? 1888இல் மீண்டும் நிறுவப்பட்ட மலாக்கா மறைமாவட்டம் ஒன்றுதான் மலாயாத் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து இருந்தது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு வடக்குக்கெனத் தனி மறைமாவட்டம் அமைந்தது 1955இல்தான். அதாவது கங்காணி முறை முடிந்து 17 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் பாரிஸ் மறைப்பணிக் கழகத்தின் பிரெஞ்சுக் குருக்கள் நகரங்களில் தங்கி, தோட்டங்களுக்குச் சுற்றுப்பயணம் போனார்கள். அந்தக் கழகத்துக்குப் புதுச்சேரியில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே பணித்தளம் இருந்ததால் தமிழ் அதற்கு அறியாத மொழியன்று; தமிழ் பேசிய குருக்கள் இருந்தார்கள். ஆனால் சீனர்களுக்கும் யுரேசியர்களுக்கும் தமிழர்களுக்குமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டிய சிலர் அவர்கள். தோட்டங்களோ பல, பாதையோ செம்மண். ஆகவே ஆண்டின் பெரும்பாலான ஞாயிறுகளில் தோட்டத்தில் பூசை இல்லை. அந்த ஞாயிறுகளில் என்ன நடந்தது என்பதுதான் உண்மையான வரலாறு. எழுத்தறிந்த ஒருவர் முன்னின்று செபம் சொன்னார். கூடியிருந்தவர்கள் பதில் சொன்னார்கள். ஜெபமாலை ஓதினார்கள், தவக்காலத்தில் சிலுவைப் பாதை செய்தார்கள், பிள்ளைகளுக்குக் குறிப்பிடம் என்ற மறைக்கல்விக் கேள்வி-பதில் நூல் மனப்பாடம் ஆயிற்று. செத்தவரைப் புதைக்கும்போது மந்திரம் சொல்லவும் அந்த ஒருவரே வந்தார்.

அந்த ஒருவரின் பணி மலாயாவில் புதிதாக உருவானது அன்று. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே தமிழ் மறைப்பணி உபதேசியார்களின் தோளில்தான் நடந்தது. குரு ஒரு மண்டலத்தைச் சுற்றி வருவதற்குள் மாதங்கள் கழியும். ஊரில் தங்கிச் சபையைக் கட்டிக்காப்பவர் உபதேசியார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு தனி நூலையே இவர்களுக்காக எழுதினார் என்றால், இந்தப் பணி எவ்வளவு முறைப்பட்டதாக, எவ்வளவு பொறுப்புள்ளதாகக் கருதப்பட்டது என்பது விளங்கும். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னும் கடுமையான சோதனை வந்தது. 1773இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். மதுரை மறைப்பணி பெரும்பாலும் குருக்களின்றித் தவித்தது. இயேசு சபையார் திரும்பி வந்தது 1830களின் இறுதியில்தான். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிராமங்களில் விசுவாசம் அணையாமல் இருந்ததில் உபதேசியார்களுக்கும் குடும்பங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கெடாவுக்குக் கப்பலேறியவர்களின் பாட்டன் பூட்டன் காலத்துக் கதை இது. சீர்திருத்த சபையிலும் நிலைமை வேறல்ல. தரங்கம்பாடியில் 1733இல் அந்தச் சபையின் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஆரோன் அதற்கு முன்பு உபதேசியாராக உழைத்தவர்தான். எனவே சாமியார் வராத ஞாயிறு என்பது தோட்டத்துத் தமிழருக்குப் புதிய துன்பமன்று. அதை எப்படி நடத்த வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தெரியும் என்பதை வெறும் பழக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் கோட்பாடும் இருந்தது. தோட்ட வாழ்க்கை எழுப்பிய மூன்று கேள்விகளைப் பார்ப்போம். முதல் கேள்வி, பிறந்த குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது, சாமியார் வர மூன்று வாரம் ஆகும், என்ன செய்வது? மலேரியா தோட்டங்களைச் சூறையாடிய காலத்தில் இது ஏட்டுக் கேள்வி அன்று. புளோரன்சு பொதுச்சங்கம் 1439இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. அவசர வேளையில் ஆணோ பெண்ணோ, கிறிஸ்தவர் அல்லாதவர்கூட, திருச்சபையின் கருத்தோடு தண்ணீர் ஊற்றி மூவொரு கடவுளின் பெயரைச் சொன்னால் அது செல்லுபடியாகும் ஞானஸ்நானம். ஆகவே பிரசவம் பார்க்கும் கிழவிக்கு அந்த வாசகம் தெரிந்திருப்பது தலையாய தேவையாயிற்று. இரண்டாவது கேள்வி, சாகக் கிடக்கிறவர் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆளில்லை, அவர் கதி என்ன? திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551இல் வகுத்த விடை உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சாமல், கடவுள்மேல் வைத்த அன்பினால் மட்டும் வருந்துகிறவர், பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தைத் தன்னுள் கொண்டிருந்தால், குருவைக் காணும் முன்பே கடவுளோடு ஒப்புரவாகிறார். அதற்கான செபம் குறிப்பிடத்திலேயே இருந்தது. சாகிறவரின் காதில் அதைச் சொல்வது உபதேசியாரின் கடமை. மூன்றாவது கேள்வி கல்யாணம். குரு இல்லாமல் மணம் செல்லுமா? 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098ஆம் விதி, ஒரு மாத காலத்துக்குக் குரு கிடைக்க மாட்டார் என்று நியாயமாகத் தெரிந்தால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் செய்யும் திருமணமே போதும் என்றது. காரணம் எளியது: கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி மெய்விவாகத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே, குரு சபையின் சாட்சி. இந்த மூன்று விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், மனிதர் பிறக்கும்போதும் மணக்கும்போதும் இறக்கும்போதும் குரு இல்லை என்பதால் அருள் நின்றுபோகாது என்பதைத் திருச்சபையே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தது தெரிகிறது. தோட்டம் அந்த விதிகளை விதிவிலக்காக அன்றி அன்றாடமாக வாழ்ந்தது.

நாலாவதாக ஒரு கேள்வி கெடாவின் நாட்காட்டியிலிருந்து எழுவது. இந்த மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறன்று அரசு அலுவலகம் திறந்திருக்கும். பள்ளிக்கூட மணி அடிக்கும். பினாங்கில் உள்ள கத்தோலிக்கக் குடும்பம் ஞாயிறு காலை கோயிலுக்குப் போகும்போது, மாநில எல்லைக்கு இப்பால் கெடாவில் உள்ள குடும்பத்துப் பிள்ளை சீருடை மாட்டிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போகிறது. ஓய்வுநாளைப் பரிசுத்தமாக அனுசரி என்ற கட்டளையை இவர்கள் எப்படி நிறைவேற்றுவது? விவிலியத்துக்குள்ளேயே இதற்கு ஒரு நீண்ட விவாதம் உண்டு. ஓய்வுநாள் மனிதனுக்காக ஏற்பட்டது என்று மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். பண்டிகை நாள், ஓய்வுநாள் பற்றி யாரும் உங்களைக் குற்றவாளியாக்க விடாதீர்கள் என்ற பொருளில் கொலோசெயருக்குப் பவுல் எழுதுகிறார். முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள்தான்; 321இல் கான்ஸ்டன்டைன் ஆணையிட்ட பிறகே அது ரோமப் பேரரசில் ஓய்வு நாளாயிற்று. அந்த முதல் கிறிஸ்தவர்கள் விடியலுக்கு முன்போ வேலை முடிந்த பின்போ கூடினார்கள். 1967இல் ரோமாபுரி வெளியிட்ட அறிவுரையும் பிறகு 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் சனி மாலைப் பூசையே ஞாயிற்றுக் கடமைக்குப் போதும் என்று தெளிவுபடுத்தின. கெடாவின் கிறிஸ்தவர் இதில் உலகத்துக்குப் பின்தங்கியவர் அல்லர். கான்ஸ்டன்டைனுக்கு முந்திய திருச்சபையின் நாட்காட்டியில் வாழ்கிறவர். ஞாயிறு என்பது விடுமுறை அன்று, ஒன்றுகூடுதல் என்பதை அரசாங்கமே அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு கத்தோலிக்கத் தரப்பிலிருந்தே வரும். நற்கருணை இல்லாமல் சபை இல்லை. நற்கருணைக்குக் குரு வேண்டும். ஆகவே குரு இல்லாத தோட்டத்தில் இருந்தது பக்திக் குழுவே தவிரச் சபை அல்ல என்பார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தோட்டத்து மக்களே இந்த மறுப்பை ஏற்றவர்கள். சாமியார் வரும் நாளுக்காகக் காத்திருந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கியவர்கள். பிள்ளைக்குப் புதுநன்மை கொடுப்பதை வாழ்நாள் விழாவாகக் கொண்டாடியவர்கள். குரு வேண்டாம் என்ற கொள்கை அங்கே எழவில்லை. ஆனால் குரு வரும்போது பூசை செய்ய ஒரு சபை அங்கே இருந்ததே, அதை யார் காத்தது என்பதுதான் கேள்வி. திருத்தூதர் பணிகள் நூலில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்றொரு தம்பதியர் வருகிறார்கள். கிளவுதியு அரசன் யூதர்களை ரோமிலிருந்து துரத்தியதால் கொரிந்துக்கு வந்தவர்கள். கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். பவுல் அவர்கள் வீட்டில் தங்கி அதே தொழிலைச் செய்தார். பிறகு அவர்களோடு எபேசுக்கு வந்த பவுல் அங்கிருந்து போய்விட்டார், அவர்கள் இருந்தார்கள். எபேசில் அப்பொல்லோ என்ற பேரறிஞர் பாதி மறையைப் பேசியபோது அவரைத் தனியே அழைத்து முழு மறையைக் கற்பித்தவர்கள் இந்தக் கூடாரத் தொழிலாளிகள். அவர்கள் வீட்டில் கூடும் சபைக்கு என்று பவுல் ரோமருக்கு எழுதிய மடலில் வாழ்த்துச் சொல்கிறார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன தொழிலாளிக் குடும்பம், சுற்றுப்பயணம் போகும் திருத்தூதர், வீட்டுக்குள் சபை: கோல மூடா மாவட்டத்தின் லயங்களில் நிலவிய அமைப்புக்கு இதைவிட நெருங்கிய விவிலிய முன்மாதிரி கிடையாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1248ஆம் விதி இன்னொன்றும் சொல்கிறது: குரு இல்லாமல் பூசை இயலாதபோது இறைவார்த்தை வழிபாட்டில் கூடவோ, குடும்பமாக, குடும்பங்கள் சேர்ந்த குழுவாகச் செபிக்கவோ வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. தோட்டத்தார் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்ததைச் சட்டம் பின்னால் வந்து எழுதிக்கொண்டது.

இரண்டாவது மறுப்பு சீர்திருத்த சபைகளிடமிருந்து வரும்; இன்று தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் பரவியுள்ள பெந்தெகொஸ்தே சபைகள் இதை இன்னும் அழுத்திச் சொல்கின்றன. குரு கண்காணிக்காத இடத்தில் விவிலிய நம்பிக்கை கரைந்து, பழைய காவல் தெய்வ வழிபாடு புனிதர்களின் பெயரை மாட்டிக்கொண்டது; அந்தோணியாரும் செபஸ்தியாரும் மாரியம்மன் கோயிலுக்கு எதிர்வரிசைத் தெய்வங்கள் ஆனார்கள் என்பது குற்றச்சாட்டு. இதற்கு மிகக் கடினமான எடுத்துக்காட்டு அன்னம்மாள். கெடாவின் எல்லையை ஒட்டிய புக்கிட் மெர்தாஜாமில் 1846இல் ஒரு சிற்றாலயமாகத் தொடங்கி, 1888இல் கற்கோயிலாகி, 2002இல் பெரும் புதுக்கோயில் எழுந்து, 2019இல் இணைப் பேராலய மதிப்புப் பெற்ற திருத்தலம் அன்னம்மாளுடையது. சீனக் கத்தோலிக்கரிடையே தொடங்கிய அந்தக் கோயிலுக்கு ஜூலை 26ஆம் நாள் திருவிழாவையொட்டிக் கெடாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரண்டார்கள். இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏந்தி வருகிறார்கள். ஆனால் மரியாவின் தாய் அன்னம்மாள் விவிலியத்தில் எங்கும் இல்லை. லூக்கா நற்செய்தியில் மரியாவின் உறவினர் எலிசபெத்து உண்டு, மரியாவின் பெற்றோர் இல்லை. கோயிலில் குழந்தை இயேசுவைக் கண்ட முதிய கைம்பெண் அன்னா வேறொருவர். சுவக்கீன், அன்னம்மாள் என்ற பெயர்கள் 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, விவிலியத் தொகுப்பில் சேர்க்கப்படாத யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலிலிருந்து வருபவை. இதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. விவிலியம் மட்டுமே ஆதாரம் என்று கொள்கிறவர் இந்த இடத்தில் அன்னம்மாளை விட்டுப் பிரிவார். விவிலியத்தோடு மரபையும் ஏற்கும் கத்தோலிக்கர் பிரிய மாட்டார். அந்தப் பிணக்கு சுங்கைப் பட்டாணியில் தொடங்கியதும் அல்ல, அங்கே தீரப்போவதும் அல்ல.

ஆனால் குற்றச்சாட்டின் மையம் வேறு: குரு இல்லாததால் இந்தப் பக்தி பெருகிற்று என்பது. அது உண்மைக்கு மாறானது. அன்னம்மாளைப் புக்கிட் மெர்தாஜாமில் நிறுவியவர்கள் பிரெஞ்சுக் குருக்களே. பிரான்சின் பிரித்தானியிலும் கனடாவின் கியூபெக்கிலும் குருக்கள் நெருங்கி வாழ்ந்த பங்குகளிலேயே அதே பக்தி ஓங்கியிருந்தது. தோட்டத்துத் தமிழர் செய்தது தேர்வு மட்டும்தான். அந்தத் தேர்வில் காரணம் தெரிகிறது. கங்காணி அழைத்து வந்தவர்கள் இளையவர்கள். பாட்டனும் பாட்டியும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். குழந்தை வளர்ப்புக்கு வழிகாட்ட மூத்த பெண் இல்லாத லயத்தில், கடவுளின் குடும்பத்துப் பாட்டியான அன்னம்மாள்மீது பற்று வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார், காணாமற்போனதற்கு அந்தோணியார் என்பதும் ஐரோப்பியப் பங்குகளில் கற்ற பாடமே. புனிதரிடம் மன்றாடலாம், வழிபாடு கடவுளுக்கு மட்டுமே என்று திரிதெந்தின் சங்கம் 1563இல் கோடு போட்டது. அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் லயத்தில் இருந்தார்கள் என்றால் லிஸ்பனிலும் நேபிள்ஸிலும் இருந்தார்கள். குறிப்பிடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு குழந்தைக்குக் கடவுள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்ற கேள்விக்கு விடை தெரியும். காவல் தெய்வத்துக்கு அப்படி ஒரு குறிப்பிடம் கிடையாது. உபதேசியார் காத்த வேறுபாடு அதுதான்.

மூன்றாவது மறுப்பைச் சமூக வரலாற்றாசிரியர் எழுப்புவார். எனக்கு மிகவும் கனமாகப் படுவது அதுவே. லயத்துச் சபை தோட்ட அதிகாரத்துக்குள் அடங்கிய சபை. தோட்ட மேலாளரான துரை நிலம் கொடுத்தால்தான் சிற்றாலயம். எழுத்தரான கிராணியும் கங்காணியும் முகம் சுளித்தால் திருவிழா இல்லை. ஊரிலிருந்து சாதியும் கப்பலேறி வந்தது. கிறிஸ்துவில் அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை எனக் கலாத்தியருக்குப் பவுல் எழுதியது லயத்தின் வரிசைகளைக் கலைத்துவிடவில்லை. 1946, 1947 ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடையை எதிர்த்தும் கூலி உயர்வு கேட்டும் கெடாத் தோட்டங்களை உலுக்கியபோது, போலீஸ் துப்பாக்கிகள் வெடித்தபோது, அந்த எழுச்சி பங்குக் கோயிலிலிருந்து பிறக்கவில்லை. தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு, நியாயக் கூலி உண்டு என்று 13ஆம் லியோ போப்பாண்டவர் 1891இலேயே சுற்றுமடல் எழுதியிருந்தார். அந்த மடல் குறிப்பிடத்தின் பக்கங்களுக்கு வந்து சேரவில்லை. செபத்தைக் காத்த ஏற்பாடு நீதியைக் கேட்கும் ஏற்பாடாக வளரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் குறை உபதேசியார் முறைக்கு மட்டும் உரியதா? குருக்கள் நிறைந்திருந்த நகரப் பங்குகளும் அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளிக்காகத் தெருவில் இறங்கியதாக வரலாறு இல்லை. சுங்கைப் பட்டாணியின் பங்குக் கோயில் கிறிஸ்து அரசரின் பெயரைத் தாங்கியது. 11ஆம் பயஸ் அந்தத் திருவிழாவை 1925இல் ஏற்படுத்தியதே அரசுகளும் ஆதிக்கங்களும் கடவுளுக்குக் கீழ்ப்பட்டவை என்று உலகுக்கு நினைவூட்டத்தான். துரையின் ஆட்சிக்கும் அந்தக் கோட்பாட்டைப் பொருத்திக் காட்டும் துணிவு, படித்த குருவுக்கே வராதபோது, லயத்தில் துரையின் தயவில் வாழ்ந்த உபதேசியாருக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது முழு நியாயம் ஆகாது.

1960களிலிருந்து இரண்டு மாற்றங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது. 1965இல் பொதுநிலையினரின் பணியை அவர்களுக்கே உரிய அழைத்தலாக அங்கீகரித்தது. மலேசியாவில் வெளிநாட்டு மறைப்பணியாளர் தங்குவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. குருக்கள் குறையும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடி, அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபித்து வாழும் அடித்தளச் சமூகங்களைக் கட்டுவதே முதன்மைப் பணி என்று முடிவு செய்தார்கள். அதைப் பெரும் புதுமையாகவே பலரும் பேசினார்கள். தோட்டத்துத் தமிழருக்கு அது பழைய செய்தி. ஆனால் திருச்சபை இந்த உண்மையைக் கண்டடைந்த அதே ஆண்டுகளில் தோட்டம் கலையத் தொடங்கியிருந்தது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் சாய்ந்து செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்கு விலைபோனது. குடும்பங்கள் சுங்கைப் பட்டாணியின் தாமான்களுக்குப் போயின. அங்கே பங்குக் கோயில் உண்டு, குரு உண்டு, தமிழ்ப் பூசை உண்டு. குழந்தை இயேசு சபைச் சகோதரிகளின் நிறுவனரான நிக்கோலாஸ் பாரே பெயரில் கான்வென்ட் பள்ளியும் உண்டு. இல்லாமற்போனது, ஒரே வரிசையில் வாழ்ந்த குடும்பங்கள் மாலையில் ஒன்றாகச் செபம் சொல்லும் அவசியம்.

பட்டியல் வரலாறு இந்த இடத்தில் வெற்றிக் கதை சொல்லும். 1932 ஏப்ரல் 22 அன்று சுங்கைப் பட்டாணியில் பிறந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ் 1978இல் பினாங்கு ஆயரானார், 1983இல் கோலாலம்பூர் பேராயரானார், 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலானார், 2020இல் மறைந்தார். ஊருக்குப் பெருமைதான். ஆனால் அவர் பிறந்த ஆண்டில் ரப்பர் விலை தரைமட்டத்தில் கிடந்தது. வேலையிழந்த தமிழர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பினாங்கு மறைமாவட்டம் பிறக்க இன்னும் 23 ஆண்டுகள் இருந்தன. பத்தாண்டுக்குப் பின் போர் வந்தது. தோட்டத்தார் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1943 முதல் 1945 வரை கெடாவே தாய்லாந்திடம் கைமாறியது. இவ்வளவுக்குப் பிறகும் 1955இல் புதிய மறைமாவட்டம் அமைந்தபோது அதற்குக் கெடாத் தோட்டங்களில் தயாராக ஒரு தமிழ்ச் சபை இருந்தது. ஆயரை நியமிக்க ரோமாபுரியால் முடியும். ஆயர் கண்காணிக்க வேண்டிய மக்களை அதனால் உண்டாக்க முடியாது. அந்த வேலையைச் செய்தவர்கள் கங்காணியின் ஆள்கணக்கில் கூலிகளாக மட்டும் பதிவானவர்கள்.

2021 மே மாதம் போப்பாண்டவர் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலைத் திருப்பணியாக நிறுவி ஆணை வெளியிட்டார். அதைப் பழமையான பணி என்றே குறிப்பிட்டார். இது கெடாவின் வரலாற்றை எழுதும் முறையையும் மாற்ற வேண்டும். கோயிலின் அடிக்கல் ஆண்டைச் சபை பிறந்த ஆண்டாகக் கொள்ளும் வழக்கம் தவறான கணக்கு. சுங்கைப் பட்டாணியின் சபை அதன் கோயிலுக்கு மூத்தது. இன்றைய கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. தாமானில் வாழும் பெற்றோர் பிள்ளைக்கு யார் வேதம் சொல்லிக்கொடுப்பது, ஞாயிறு பள்ளிநாளாக இருக்கும் மாநிலத்தில் எப்போது செபிப்பது, பக்கத்து வீட்டு நண்பர் புனிதர்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பங்குக் குருவிடம் கேட்கிறார்கள். அவர்களுடைய பாட்டிகள் இந்தக் கேள்விகளுக்குக் குருவை எதிர்பார்த்திருக்க முடியாது. வீட்டிலேயே விடை சொன்னார்கள். குரு கிடைத்துவிட்டார் என்பதற்காக அந்தப் பொறுப்பு வீட்டை விட்டுப் போய்விட்டது என்று திருச்சபை எங்கும் போதிக்கவில்லை. அதைத் திரும்பப் பெறுவதற்குப் புதிய சட்டமோ புதிய இயக்கமோ தேவையில்லை. மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு யாராவது ஒருவர் செபத்தைத் தொடங்கினால் போதும்.